பந்தல் மூங்கிலைத் துளைக்கும் கருவண்டுக்கு என்ன மருந்து?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் அரை ஏக்கரில் பந்தல் அவரையும் கத்தரியும் போட்டிருக்கிறேன். பந்தல் மூங்கிலை ஒரு பெரிய கருவண்டு துளைத்துத் தூளாகக் கொட்டுகிறது. மோட்டார் ரூம் மண்சுவரில் நீலக்கோடு போட்ட ஈ மாதிரி ஒன்று ஓட்டை ஓட்டையாகக் குடியிருக்கிறது. தென்னையைத் துளைக்கிற வண்டுதான் இது என்று மருந்துக்கடையில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து கொடுத்தார்கள். கத்தரியில் பூ உதிர்வதற்கு ஒரு டானிக்கும் கொடுத்து, தேனீப்பெட்டி இரண்டு வைக்கச் சொன்னார்கள். மருந்தை ஓட்டையில் ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள் அம்மா. டப்பாவைத் திறக்கவில்லை என்றால் இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தென்னையில் ஏறுவது காண்டாமிருக வண்டு. முதுகில் ஓடு இருக்கும், தலையில் கொம்பு இருக்கும், ராத்திரியில் பறக்கும். உங்கள் பந்தலில் இருப்பது பகலில் பறக்கிறது, மெல்லிய இறக்கை வெயிலில் நீலமாக மின்னும். நாம் கருவண்டு என்று சொன்னாலும் அது தச்சுத் தேனீ. மூங்கிலை அது தின்பதில்லை. விரல் நுழைகிற அளவுக்கு வாசல் போட்டு, உள்ளே மகரந்த உருண்டை ஒன்று, அதன்மேல் முட்டை ஒன்று, அப்புறம் மரத்தூளால் ஒரு தடுப்பு என்று அறை அறையாகக் கட்டும். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணும் கையில் பிடித்தால்தான் கொட்டும். உங்கள் அவரைப் பூவை அழுத்தித் திறக்கிற கனம் அதற்கு உண்டு.

பாரம் தாங்கும் கால்களுக்கு மட்டும் தார் பூசுங்கள், அல்லது கல்லுக்கால் நடுங்கள். கழித்த மூங்கிலை எரிக்காமல் வேலியோரம் கட்டி வையுங்கள். பழைய ஓட்டையிலேயே மறுபடியும் குடியேறும்.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது கத்தரியைப் பற்றி. கத்தரிப் பூவில் தேனே கிடையாது. மகரந்தமும் வெளியே ஒட்டியிருக்காது. நடுவில் இருக்கும் மஞ்சள் குழல்களுக்குள் அடைபட்டு, நுனித் துளை வழியாகத்தான் வெளியே வரும். காலையில் ஒரு பூவின் பக்கத்தில் அசையாமல் நின்று பாருங்கள். உங்கள் சுவரில் இருக்கும் அந்த நீலக்கோட்டு ஈயும் தேனீதான். அது தலைகீழாகத் தொங்கி அந்த மஞ்சளைக் கட்டிப்பிடிக்கும். இறக்கை அடிக்காது, ஆனால் ரீங்காரம் சட்டென்று மேலே ஏறும். உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கிறது. கருவண்டும் இதைச் செய்யும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கத்தரிக்காகப் பெட்டி வாங்கச் சொன்னவர் கத்தரிப் பூவைப் பார்த்ததே இல்லை. காற்றில் ஆடியும் கத்தரி காய்க்கும்தான். ஆனால் இவை வந்து போன பூவில் காய் நன்றாகத் திரளும்.

பூ உதிர்வதில் ஒரு பங்கு இயல்பு. உதிர்ந்த பூவைப் பிரித்துப் பாருங்கள். நடுத்தண்டு மஞ்சள் குழலுக்குள்ளேயே குட்டையாக நின்றிருந்தால் அது காயாகிற பூவே இல்லை. அதை எந்த டானிக்கும் காயாக்காது. நாற்பது ரூபாய் பாட்டிலோ நானூறு ரூபாய் பாட்டிலோ, இந்தப் பூவுக்கு இரண்டும் வீண்செலவு. நான் பார்த்த பல வயல்களில் பூ கொட்டியதும் டானிக் விற்பார்கள், அதே டேங்கில் பூச்சிமருந்தையும் கலந்து காலை எட்டு மணிக்கு அடிக்கச் சொல்வார்கள். பூவுக்குத் தேனீ வருகிற நேரமே அதுதான். அதைக் கொன்றுவிட்டு அடுத்த வாரம் பெட்டி விற்க வருவார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

கத்தரியில் தண்டு துளைப்பான் புழு வந்தால் வாடிய நுனிகளைக் கிள்ளி அழியுங்கள், பெண் பூச்சியின் வாசனையால் ஆண் பூச்சியை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் பொழுது சாய்ந்த பிறகு, ஒரே மருந்தாக, கலக்காமல். அப்போதும் வரப்போரக் காய்ந்த குச்சிகளில் படாமல் பாருங்கள். நீலக்கோட்டுத் தேனீயின் ஆண்கள் அந்தக் குச்சியைத் தாடையால் கவ்வியபடி வரிசையாகத் தூங்கும். டார்ச் அடித்தால் தெரியும்.

துவரை, ரோஜா இலைகளில் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் வட்டமாகக் காணாமல் போயிருந்தால் அதுவும் ஒரு தேனீதான், இலைவெட்டி. கூட்டுக்கு மெத்தை போட எடுத்துப் போகிறது. வயிற்றின் அடிப்பக்கம் மகரந்தம் அப்பியிருக்கும். செடிக்கு ஒன்றும் ஆகாது.

மோட்டார் ரூமுக்குச் சிமெண்ட் பூசுவதானால் ஓட்டை இருக்கும் பக்கத்தை மட்டும் மண்ணாகவே விட்டுவிடுங்கள் அம்மா.