சளியோடு ஆபரேஷன்: டாக்டரிடம் மறைக்காதீங்க

அண்ணாச்சி, பையனுக்கு மூணு வயசு, திங்கட்கிழமை பாளையங்கோட்டையில் குடலிறக்க ஆபரேஷன், இப்போ பார்த்து சளி பிடிச்சிருக்கு, சொன்னா தேதி போயிடுமேன்னு கேட்டிருக்கீங்க. போனாப் போகட்டும், சொல்லிடுங்க.

சளி இருக்கும்போது மூச்சுக்குழாய் லேசா தொட்டாலே சுருங்கும். மயக்கத்தில் மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் வைக்கும்போதோ எடுக்கும்போதோ குரல்வளை இறுகி மூடிக்கிட்டா சின்னப் பிள்ளைக்கு ஆக்சிஜன் மளமளவென்று இறங்கிடும், உதடு நீலம் பாயும். மூக்கு காய்ந்த பிறகும் அந்த எரிச்சல் சில வாரம் உள்ளே இருக்கும், அதனால்தான் 2 முதல் 4 வாரம், சில நேரம் 6 வாரம்கூட தள்ளிப்போடுகிறார்கள்.

ஆனா எல்லாச் சளிக்கும் தள்ள மாட்டார்கள். மூக்கில் தண்ணியாக மட்டும் ஒழுகுது, காய்ச்சல் இல்லை, நெஞ்சு சுத்தமா இருக்கு, பையனும் வழக்கம்போல வீட்டை ரெண்டாக்கிக்கிட்டு இருக்கான்னா பெரும்பாலும் செய்துவிடுவார்கள். பச்சைச் சளி, காய்ச்சல், கரகரன்னு நெஞ்சுச் சளியோடு இருமல், வீசிங் இருந்தா கஷ்டம். குறைமாதத்தில் பிறந்தவனா, வீட்டில் யாரும் பீடி சிகரெட் பிடிக்கிறார்களா, அதையும் மறைக்காதீங்க. இன்றைக்கே போன் போடுங்க, மயக்க மருந்து டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து முடிவு சொல்வார்.

தள்ளிப்போனால் ஒன்றை மட்டும் கவனிங்க: குடலிறக்க வீக்கம் கல் மாதிரி இறுகி உள்ளே போகாமல், பையன் வாந்தி எடுத்து அழுதா, சளியாவது ஒண்ணாவது, உடனே தூக்கிக்கிட்டு ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.