வெட்டினால் தண்ணீர் கொட்டுமா?

கேள்வி: கௌபாய் படங்களில் தாகத்தில் தவிக்கும் ஹீரோ, தூண் மாதிரி நிற்கும் கள்ளியை வெட்டித் தண்ணீர் குடிக்கிறாரே, நிஜமாகவே முடியுமா?

பதில்: ஹீரோவால் மட்டும்தான் முடியும்! அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிகோவின் சொனோராவிலும் வளரும் அந்தக் கள்ளிக்குச் சகுவாரோ என்று பெயர். மழை பெய்தால் அதன் மடிப்புகள் ஆர்மோனியத் துருத்திபோல விரிந்து நீரைச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் வெட்டினால் கிடைப்பது வழவழவென்ற கசப்புச் சதைதான். தின்றால் வாந்தி வந்து, உடம்பில் மிச்சமிருக்கும் தண்ணீரும் போய்விடும். தவிர, அரிசோனாவில் சகுவாரோவை இஷ்டத்துக்கு வெட்டுவது குற்றம். கிளை விடவே பெரும்பாலும் 50 வருஷத்துக்கு மேல் ஆகும் செடி, பாவம்.

பழம் வேறு கதை. கோடை உச்சத்தில் டொஹோனோ ஓதம் பழங்குடியினர், செத்த சகுவாரோவின் தண்டுக்குள் விலா எலும்புபோல இருக்கும் மரக்கம்புகளைக் கட்டிச் செய்த நீளமான தொரட்டியால் சிவந்த பழங்களைத் தட்டி இறக்குவார்கள். காய்ச்சினால் பாகு. அதைப் புளிக்கவைத்த மதுவைக் குடித்து மழையை அழைப்பது அவர்கள் சடங்கு.

எனக்குப் பிடித்தது மரங்கொத்தியின் வேலை. கீலா மரங்கொத்தி தண்டில் பொந்து குடையும், உடனே குடியேறாது. காயத்தைச் சுற்றிச் செடி கெட்டியான ஓடு கட்டும் வரை, மாதக்கணக்கில் பொறுத்திருக்கும். அது காலி செய்ததும் சின்னஞ்சிறு ஆந்தை வாடகையில்லாமல் வந்துவிடும். சகுவாரோ செத்து மட்கினாலும் அந்த ஓடு மட்கிவிடாது. அதைப் பொறுக்கி எடுத்துப் பாத்திரமாக வைத்துக்கொண்டவர்களும் உண்டு.