உங்களுக்கு ரொம்பப் பிடித்த படம் எது? அதை எங்கே, யாரோடு பார்த்தீர்கள்?

படத்தின் பேரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 'கன்னத்தில் முத்தமிட்டால்'. 2002-ல் வந்த மணிரத்னம் படம். எங்கே, யாரோடு என்றும் கேட்டுவிட்டீர்கள், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

எனக்கு ஊர் மண்டபம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இடையில் ரயில் ரோடும் பஸ் ரோடும் போக மிஞ்சிய மண்ணில் எங்கள் வீடு. புதுப்படம் என்றால் ராமநாதபுரம் போக வேண்டும், 35 கிலோமீட்டருக்கு மேல். அப்பா விசைப்படகில் வேலை பார்த்தார். எங்கள் பக்கம் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி மட்டும்தான் கடல், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. வெள்ளிக்கிழமை படம் ரிலீஸ் ஆகும். அன்றைக்கு ஐஸும் டீசலும் ஏற்றுவதிலேயே அப்பாவின் பொழுது போய்விடும். முதல் நாள் முதல் காட்சி என்று யாராவது பெருமையாக எழுதினால் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

சின்ன வயதில் படம் என்றால் திருவிழாவில் திரை கட்டிப் போடுவது. எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும்போது 'படகோட்டி' போட்டார்கள். கடற்கரையில் இரண்டு கம்பம் நட்டு, நடுவில் வெள்ளைத்துணி. காற்று பலமாக அடித்தால் திரை பாய்மரம் மாதிரி உப்பும், கூடவே எம்.ஜி.ஆரின் கன்னமும் உப்பும். முன்னால் இடம் கிடைக்காத பிள்ளைகள் நாங்கள் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் இடவலம் மாறித் தெரியும். எம்.ஜி.ஆர் இடதுகைக்காரர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படகுக் காட்சி வந்ததும் கிழவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "அணியத்துல நின்னு பாடுறானே, கடையில தண்டு புடிக்கிறது யாருடா?" (அணியம் படகின் முன்பக்கம், கடை பின்பக்கம், தண்டு துடுப்பு.) "வலை காஞ்ச வலையால்ல இருக்கு!" பாட்டு வந்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டார்கள். இதில் இன்னொரு வேடிக்கை. இரண்டு குப்பத்தையும் மோதவிட்டு மீனை அடிமாட்டு விலைக்கு அள்ளும் நம்பியாரைப் பெண்கள் எல்லாம் மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டினார்கள். அன்றைக்குப் படப்பெட்டிக்குக் காசு கொடுத்தது எங்கள் ஊர் மீன் வியாபாரி. பாதி வீடுகள் அவரிடம் முன்பணம் வாங்கி, பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே போட்டுக்கொண்டிருந்த வீடுகள். அவர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நம்பியார் அடி வாங்கும்போது எல்லாருக்கும் முன்னால் கை தட்டினார்.

'படகோட்டி' 1964 தீபாவளிக்கு வந்த படம். அடுத்த மாதம் டிசம்பர் 22 ராத்திரிதான் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. அப்பாவுக்கு அப்போது பதினாலு வயது. புயலைப் பற்றி எப்போது கேட்டாலும் "படகோட்டி வந்த வருசம்" என்றுதான் தொடங்குவார்.

ரேடியோவில் எங்களுக்கு இலங்கைதான். பாட்டு மட்டுமில்லை, முழுப்படத்தின் வசனத்தையும் ஒலிச்சித்திரமாகப் போடுவார்கள். நான் பார்த்த படங்களைவிடக் கேட்ட படங்கள் அதிகம். டிவி வந்த பிறகு ஆண்டெனாவைக் கடல் பக்கம் திருப்பினால் இலங்கை டிவி ரூபவாகினி. அது போகட்டும்.

பேசாலை அக்காவுக்கு வருகிறேன். இலங்கையில் மன்னார் தீவில் இருக்கும் பேசாலை அவருக்கு ஊர். 1990 சண்டையில் படகேறி வந்து, மண்டபம் அகதிகள் கேம்பில் இருந்தார். அம்மாவும் அவரும் நண்டு கம்பெனியில் ஒரே மேசையில் வேலை. அவித்த நண்டை உடைத்து ஓடு ஒட்டாமல் சதையை எடுக்க வேண்டும். ஒரு சில்லு கலந்தாலும் சூப்பர்வைசர் தட்டைத் திருப்பிவிடுவார். அக்காவின் தட்டு ஒருநாளும் திரும்பியதில்லை என்று அம்மா சொல்வார்.

2002 மீன்பிடித் தடைக்காலம். அப்போது தடை 45 நாள், பிறகுதான் 61 ஆக்கினார்கள். அப்பா வீட்டிலேயே இருந்தார். நான் சம்பளத்தில் ஒரு விசிடி பிளேயர் வாங்கியிருந்தேன். படம் திருட்டு விசிடிதான், மறைக்க ஒன்றுமில்லை. நாட்டுப்படகு நண்டு வரத்து குறைவாக இருந்த ஒரு நாள், மத்தியானமே வேலை முடிந்து அம்மா அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். "தம்பி, எங்கட கதையை எடுத்திருக்கினமாம், போடுங்கோ பாப்பம்" என்று அக்கா கதவோரமாக உட்கார்ந்தார். சுவரில் சாய்ந்துகொள்ளச் சொன்னோம், கேட்கவில்லை.

அகதிப் படகு வரும் காட்சியில் வீடே அமைதி. அக்கா மட்டும், "இவ்வளவு இடமிருந்ததே படகில? நாங்கள் இருபத்திரண்டு பேர் வந்தனாங்கள். பிள்ளையளின்ர வாயைப் பொத்திப் பொத்திக் கை மரத்துப்போச்சு" என்றார். அகதிப் பெண்ணாக வரும் நந்திதா தாஸ் பேசியதும், "பிள்ளை நல்லா நடிக்குது. கதைதான் எங்கட கதை மாதிரி இல்லை" என்றார். அகதிகள் தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் வந்து இறங்கியதைப் பார்த்திருக்கும் அப்பா தலையாட்டினார். 'படகோட்டி'யைப் பிய்த்துப்போட்ட ஊர்தானே, எங்களுக்கு இது பழக்கம்.

படம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சண்டையில் தப்பி ராமேஸ்வரம் வரும் பெண், கேம்பில் பிள்ளை பெற்று, விட்டுவிட்டுப் புருஷனைத் தேடித் திரும்பிப் போகிறாள். பிள்ளை சென்னையில் ஒரு வீட்டில் வளர்கிறது. ஒன்பது வயதில் உண்மை தெரிந்து தாயைத் தேடி இலங்கைக்குப் போகிறது. கடைசியில் மழைக்குள் சந்திக்கிறார்கள். கூட வந்துவிடு என்று பிள்ளை கூப்பிட, தாய் வரமாட்டேன் என்கிறாள். அவளுக்கு அங்கே வேலை இருக்கிறது.

அந்த இடத்தில் அம்மா முந்தானையை எடுத்துக்கொண்டார். அப்பா வெளியே பீடி பற்ற வைக்கப் போனார். நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தேன். அக்கா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு மணிக்குள்ள கேம்புக்குப் போகவேணும்" என்று எழுந்து, தான் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். என்ன மனுஷி இது என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

மறுநாள் நண்டு மேசையில், தலை நிமிராமல், அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். 1990-ல் மூத்த மகளுக்கு ஆறு வயது. அப்போது மடு என்ற ஊரில் அம்மம்மாவோடு நின்றிருக்கிறாள். இடையில் பாதை அடைபட்டுவிட்டது. மகள் வரட்டும் என்று மூன்று நாள் பார்த்திருக்கிறார்கள். நாலாம் நாள் படகுக்காரன் இனிக் காத்திருக்க முடியாது என்றிருக்கிறான். பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து நண்டு உடைத்த அம்மாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும். கடிதம் வருமாம், அதைக்கூட யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் படம் வெளியானது 2002 பிப்ரவரி 14. சரியாக எட்டு நாள் கழித்து இலங்கையில் சண்டை நிறுத்தம் கையெழுத்தானது. கேம்பில் பலர் போவோமா வேண்டாமா என்று பேசத் தொடங்கியது அப்போதுதான். அக்கா அதிகம் பேசவில்லை. அடுத்த வருஷம் சின்னப் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது நண்டு உடைக்கிற கத்தியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ரகுமான் இசை, அந்தச் சின்னப்பிள்ளை கீர்த்தனாவின் நடிப்பு என்று மற்றவர்கள் சொல்லும் எல்லாமும் எனக்கும் பிடிக்கும். ஆனால் மழைக்காட்சி வரும்போது நான் டிவியைப் பார்ப்பதில்லை, கதவோரத்தைத்தான் பார்ப்பேன்.

ரொம்ப நாள் கழித்துப் பேசாலையிலிருந்து ஒரு போன். அம்மாவோடு அரைமணி நேரம் பேசிவிட்டு, "தம்பியிட்டக் குடுங்கோ" என்று என்னிடமும் பேசினார். "அந்தப் படம் இங்க டிவியில போட்டவங்கள். மூத்தவளும் பக்கத்தில இருந்து பாத்தவள்."

"என்னக்கா சொன்னாங்க?"

"அவளுக்குப் படம் பிடிக்கேல்லையாம். பாட்டு மட்டும் நல்லாயிருக்காம்."