எஞ்சினியர் மகன் சேல்ஸுக்குப் போகிறாரா? போகட்டும்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் மின் பொறியியல் பட்டதாரி. கொழும்பில் கட்டடங்களுக்கு மின் திட்டம் வரைந்து கொடுக்கும் நிறுவனமொன்றில் நான்கு வருட வேலை. இப்போது மோட்டர், மின் சுவிட்ச் பேனல் முதலான சாமான்களை இறக்குமதி செய்யும் கம்பனி ஒன்று, கிழக்குக்கான சேல்ஸ் எஞ்சினியராக வரும்படி கூப்பிடுகிறது. மகனுக்கு முழு விருப்பம். மாமாமார் கொதிக்கிறார்கள்: "கம்பஸ் போய்ப் படிச்சது கடை கடையா ஏறி இறங்கவா?" மெல்பேர்னில் இருக்கும் சித்தப்பா, படுவான்கரை வயலை விற்றாவது மாஸ்டர்ஸுக்கு அனுப்பச் சொல்கிறாராம். கல்யாணப் பேச்சும் தொடங்கிவிட்டது, பெண் வீட்டாரிடம் என்ன வேலை என்று சொல்வது என்பது தாயின் பெரிய கவலை.

அம்மா, உங்கள் பயம் விளங்குகிறது. ஆனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: உங்கள் மகன் கேட்பது சரி, பெரியவர்கள் சொல்வது பிழை.

கட்டார், அவுஸ்திரேலியா, அரச வேலை விண்ணப்பம் பற்றியெல்லாம் சொல்லித்தர ஊரில் ஆள் நிறைய இருக்கிறது. அதை விடுவோம். யாரும் விளக்காத இந்த வேலையைப் பார்ப்போம். மாமாமாரின் மனதில் இருப்பது பிஸ்கட்டுக்கு ஓடர் எடுக்கும் ரெப். (அவரும் உழைத்துத்தான் சாப்பிடுகிறார், அது வேறு கதை.) உங்கள் மகனுக்குக் காத்திருப்பது வேறு மாதிரி வேலை.

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலை என்று வையுங்கள். முதலாளி சொல்லுவார்: "கரண்ட் பில் கட்டி முடியல்ல தம்பி, புது மோட்டர் ஒண்டு போட்டா குறையுமா?" சும்மா விற்க வந்தவர் மோட்டரைத் தள்ளிவிட்டுப் போவார். எஞ்சினியர் முதலில் பில்லைக் கேட்பார். 42 கேவிஏக்கு (கேவிஏ என்றால் லைனிலிருந்து இழுக்கும் மொத்தச் சுமையின் அளவு) மேல் இணைப்பு எடுத்த ஆலைக்கு, எரித்த யூனிட்டுக்கு ஒரு காசு, அந்த மாதம் தொட்ட உச்ச கேவிஏக்குத் தனியாக இன்னொரு காசு. பாதிச் சுமையில் ஓடும் பெரிய மோட்டர்கள் பவர் ஃபாக்டரை, அதாவது இழுக்கும் சுமையில் உண்மையில் வேலைக்குப் போகும் பங்கை, கீழே இழுத்துவிடும். 100 கிலோவாட் சுமை 0.7 பவர் ஃபாக்டரில் ஓடினால் 143 கேவிஏ ஏறும். அதைத் தூக்கிவிடும் கெப்பாசிட்டர் பேங்க் என்ற கருவியைப் பொருத்தி 0.95க்குக் கொண்டுவந்தால் 105தான். குத்திய நெல் அதேதான், பில்தான் வேறு. அதே பில்லில் நேரக் கணக்கும் உண்டு: மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை யூனிட் விலை அதிகம், 10.30 முதல் விடியற்காலை 5.30 வரை குறைவு. எந்த மெஷினை எந்த நேரத்துக்குத் தள்ளலாம் என்று முதலாளியோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

அப்புறம் நெல் காயவைக்கும் டிரையர் பக்கம் போவார். அங்கே காற்றூதும் ப்ளோவர் முழு வேகத்தில் ஓட, தகட்டை மூடிக் காற்றைக் குறைத்து வைத்திருப்பார்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் ஒன்று போட்டு வேகத்தையே 20 சதவீதம் குறைத்தால், தகட்டைத் திறந்து முழு வேகத்தில் ஓடும்போது இழுப்பதில் ஏறக்குறைய பாதி மின்சாரம்தான் ப்ளோவர் இழுக்கும். அது வேகத்தின் மூன்றாம் படியில் ஏறி இறங்குவது. 0.8ஐ மூன்று தரம் பெருக்கிப் பாருங்கள், 0.512 வரும். கம்பஸில் படித்ததைத்தான் இங்கே விற்கிறார்.

இதையெல்லாம் எப்போது விற்பது என்பதும் ஒரு படிப்பு. மாசி, பங்குனியில் பெரும்போக நெல் வந்து குவிந்தபின் ஆலையை ஒரு மணித்தியாலம் நிறுத்தவும் விடமாட்டார்கள். பேசி முடித்துப் பொருத்துவதெல்லாம் அதற்கு முன்பே நடக்க வேண்டும். வயல் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தரத் தேவையில்லை. நிந்தவூர், அக்கரைப்பற்று, ஏறாவூர் எங்கும் தமிழில் பேசலாம். அம்பாறை நகர், உகணைப் பக்கம் சிங்களம் வேண்டும், கொழும்பில் நான்கு வருடம் இருந்தவர் அதையும் பழகியிருப்பார்.

இனி வயல் விஷயம். அதை விற்பதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். மகனின் தங்கச்சிக்கு வளவும் வீடும் கொடுக்க வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வயல் போனால் அவளுக்கு எதை வைத்து வீடு கட்டுவீர்கள்? அதுவும் மகன் கேட்காத படிப்புக்காக. "படம் வரைஞ்சுகொண்டு இருந்தா நேரம் போகுதில்ல, சைட்ல ஆக்களோட நிண்டா பொழுதுபட்டதும் தெரியாது" என்று அவர் சொன்னதும் உங்கள் கடிதத்தில்தான் இருக்கிறது. மாஸ்டர்ஸ் முடித்தால் அவரை மறுபடியும் அந்தப் படத்துக்கு முன்னால்தான் உட்கார வைப்பார்கள். காசுக்கு ஆசைப்பட்டு மட்டும் சேல்ஸுக்கு ஓடுகிறார் என்றால் நானே மறித்திருப்பேன்.

பெண் வீட்டாரிடம் "சேல்ஸ் எஞ்சினியர்" என்றே சொல்லுங்கள். பட்டம் எங்கும் போகாது. பின்னாளில் சாட்டர்ட் எஞ்சினியர் (பட்டத்துக்கு மேல், வேலை அனுபவத்தைப் பார்த்துக் கொடுக்கும் தொழில் தகுதி) ஆகும் எண்ணம் இருந்தால், இந்த நான்கு வருட வேலை விபரங்களை எழுதி, இப்போதைய மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டே வெளியேறட்டும். பிறகு தேடிப் போனால் அந்த ஆள் அங்கே இருக்கமாட்டார்.

மகனுக்கும் கண்டிப்பாகச் சில வார்த்தைகள். தம்பி, நியமனக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். கம்பனி போடும் 12 சதவீத ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), 3 சதவீத ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) இரண்டையும் பல கம்பனிகள் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் கணக்குப் போடும். அடிப்படையைச் சுருக்கி அலவன்ஸை ஊதிக் காட்டினால் நட்டம் உங்களுக்கு. கமிஷன் ஓடர் எடுத்தவுடனா, காசு வந்த பிறகா? மில்லுக்காரர் அறுவடை முடிந்துதான் கட்டுவார், அதுவரை நீங்கள் அடிப்படைச் சம்பளத்தில்தான் ஓட வேண்டும். ஆகவே கமிஷனை நம்பி லீசிங்கில் கார் எடுக்க வேண்டாம். வாகனமும் பெற்றோலும் கம்பனியின் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். கடனுக்குப் போன சாமானின் காசு வராவிட்டால் உங்கள் சம்பளத்தில் வெட்டுவோம் என்றாலோ, உங்கள் சொந்தச் செக்கை ஈடாகக் கேட்டாலோ கையெழுத்துப் போடவேண்டாம். அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்காவிட்டால் இப்போதைய வேலையிலேயே இருந்துகொண்டு அடுத்த கம்பனியைத் தேடுங்கள்.