டூலிங் தோலுக்கு நிறம் ஏற்றுவது: வாசகர் கேள்விகள்

கேள்வி: தோல் பெல்ட் ஒன்றில் பூக்கொடி டூலிங் (தோலை வெட்டியும் அழுத்தியும் செய்யும் புடைப்பு வேலை) செய்து, இளம்பழுப்பு ஸ்பிரிட் சாயம் (ஆல்கஹாலில் கரைத்த சாயம்) பூசினேன். காய்ந்ததும் கரும்பழுப்பு ஆன்டிக் பேஸ்ட் (பழமைத் தோற்றம் தரும் நிறக்குழம்பு) தேய்த்தேன். வெட்டுக்கோடுகளில் மட்டும் நிற்க வேண்டிய நிறம் இதழ், இலை எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. சேற்றில் முக்கி எடுத்ததுபோல் இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: சாயத்துக்கும் ஆன்டிக்குக்கும் நடுவே ரெசிஸ்ட் (நிறம் உள்ளே ஏறாமல் தடுக்கும் பூச்சு) பூசவில்லை. டூலிங் செய்ய ஏற்ற வெஜ்-டான் தோல் (தாவரச் சாற்றால் பதனிட்டது) துளைகள் திறந்த தோல். சாயம் பூசினாலும் அதன் துளைகள் அடைபடுவதில்லை. பேஸ்ட்டில் இருக்கும் நிறத்தூள் நேராக உள்ளே போய்விடும். ரெசிஸ்ட் மேட்டுப்பகுதியை மூடிவிட்டால் அங்கே பேஸ்ட் வழுக்கும். வெட்டிலும் பள்ளத்திலும் துணி எட்டாததால் தங்கும். பழமைத் தோற்றம் அப்படித்தான் வருகிறது.

சாயம் பூசிய தோலை ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பிறகு, துணியில் நிறம் ஒட்டுவது நிற்கும் வரை துடையுங்கள். ரெசிஸ்ட்டை மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள்; இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம், கடைசியில் ஓர் இரவு காய வேண்டும். இதில் அவசரப்படுகிறவர்களே அதிகம் கெடுக்கிறார்கள். பள்ளங்களில் ரெசிஸ்ட் குளம் கட்டினால் உலர்ந்த பிரஷ்ஷால் ஒற்றி எடுத்துவிடுங்கள். வெட்டுக்கோடு ரெசிஸ்ட்டாலேயே நிரம்பிவிட்டால் பேஸ்ட்டுக்கு இடம் இருக்காது.

ஒரு நேரத்தில் பெல்ட்டின் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் பேஸ்ட் எடுத்து, கம்பளித் துண்டால் வட்டமாகத் தேய்த்து எல்லாக் கோட்டிலும் இறக்குங்கள். உடனே துடையுங்கள். துணியைச் சின்ன மரக்கட்டையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு துடைத்தால் அது மேட்டின் மேலேயே ஓடும். விரலில் சுற்றிய துணியோ பள்ளத்துக்குள் இறங்கி, அங்கே இருக்க வேண்டியதையும் அள்ளி வந்துவிடும். ஓர் இலையை உற்றுப் பாருங்கள்: நடுநரம்பு கரும்பழுப்பாக, அதிலிருந்து ஓரத்தை நோக்கி நிறம் மெல்ல வெளுத்து, மேடு பளிச்சென்று இருந்தால் துடைத்தது போதும்.

எந்த ரெசிஸ்ட்டும் முழுமையாகத் தடுக்காது. மேட்டில் ஒரு சாயல் கருமை ஏறியே தீரும். அதனால் அடிநிறத்தை நினைத்ததைவிட ஒரு படி வெளிறியதாகவே வையுங்கள். தண்ணீரில் கரையும் பேஸ்ட்டுக்கு லாக்கர் வகை ரெசிஸ்ட் நன்றாகத் தாங்கும். அக்ரிலிக் வகையும் சரிதான், ஆனால் பேஸ்ட்டை நேரம் கடத்தாமல் துடைக்க வேண்டும். அக்ரிலிக் ரெசிஸ்ட்டை நம்பி அதன் மேல் ஸ்பிரிட் சாயத்தைப் பூசவே பூசாதீர்கள். ஆல்கஹால் அந்தப் படலத்தை இளக்கி உள்ளே போய்விடும்.

உங்கள் பெல்ட்டில் ஏறிய நிறம் இனி இறங்காது. முழுவதையும் கரும்பழுப்பாக்கிவிடுவதுதான் வழி. டூலிங்கின் ஆழம் அப்போதும் தெரியும்.

கேள்வி: சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கிறது. சில இடங்களில் பிடிப்பதே இல்லை.

பதில்: பிடிக்காத இடத்தில் பசையோ விரல் எண்ணெயோ இருக்கும். ஒட்டும் வேலைக்கு முன்பே சாயம் பூசிவிடுவது நல்லது. திட்டுக்குக் காரணம் வேறு: காய்ந்த தோல் பஞ்சு தொட்ட இடத்திலேயே சாயத்தை மடமடவென்று குடித்துவிடுகிறது. நீட்ஸ்ஃபுட் எண்ணெயை (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது) மிக லேசாக, ஒரே சீராகத் தடவி ஒரு நாள் விடுங்கள். சாயம் ஒரு பங்கு, அதற்குரிய கரைப்பான் மூன்று பங்கு எனக் கலந்து, முதல் பூச்சை வட்டமாகவும் அடுத்ததைக் குறுக்காகவும் பூசுங்கள். ஈரத்தில் நிறம் கறுத்தே தெரியும். காய்ந்த பிறகு பார்த்து முடிவு செய்யுங்கள். அதே தோலின் வெட்டுத்துண்டு ஒன்றில் முதலில் பூசிப் பார்ப்பதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கறுப்புச் சாயம் பூசிய பெல்ட் துணியில் கறை பிடிக்கிறது.

பதில்: உறிஞ்சப்படாத சாயத்தூள் மேலேயே நிற்கிறது. காய்ந்ததும் துணி வெள்ளையாகத் திரும்பும் வரை அழுத்தித் துடைத்து, அதன் பிறகே ஃபினிஷ் (கடைசி மேல்பூச்சு) பூச வேண்டும். அடியில் ஒரு பூச்சு கருநீலம் கொடுத்தால், குறைந்த கறுப்பிலேயே ஆழமான நிறம் வரும்.

சாயமே வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. எண்ணெய் நீங்கக் கழுவிய இரும்புப் பஞ்சை வினிகரில் ஒரு வாரம் ஊறவிடுங்கள். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகும். வடிகட்டிய நீரைத் தடவினால், இரும்பு வெஜ்-டான் தோலிலுள்ள டானினோடு (தாவரத் துவர்ப்புப் பொருள்) சேர்ந்து சில நிமிடங்களில் கறுக்கும். நிறம் நாருக்குள்ளேயே உண்டாவதால் கறை பிடிப்பது மிகக் குறைவு. பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து அதில் நனைத்து, நல்ல தண்ணீரில் அலசி, பாதி காய்ந்ததும் எண்ணெய் தடவுங்கள். எண்ணெய் இறங்கும்வரை சாம்பல் பூத்ததுபோல் தெரியலாம், பயப்பட வேண்டாம். குரோம் தோலில் (குரோமியம் உப்பால் பதனிட்டது) டானின் இல்லாததால் இது பலிக்காது.

கேள்வி: அக்ரிலிக் ஃபினிஷ் வளைத்தால் வெடிக்கிறது.

பதில்: கனமாகப் பூசியிருக்கிறீர்கள். சம அளவு தண்ணீர் கலந்து, கோடு விழாமல் மெல்லியதாக இரண்டு முறை போதும். ஒருமுறை ஓட்டிய இடத்தில் மறுபடி ஸ்பாஞ்சை ஓட்டாதீர்கள். நுரையும் வெள்ளைத் திட்டும் அதனால்தான் வருகின்றன. கீழே ஆன்டிக் இருந்தால் முதல் பூச்சைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் பூசுங்கள், இல்லாவிட்டால் கோட்டில் இருக்கும் பேஸ்ட் கரைந்து மேலே வந்துவிடும்.