டிரைவரில் எனேபிள், டிசேபிள்: கணக்கு எங்கே தவறுகிறது?

கேள்வி: லினக்ஸ் டிரைவர் ஒன்றில் சிப்பை இயக்கவும் அணைக்கவும் ஒரே ஃபங்ஷன்தான், ட்ரூ, ஃபால்ஸ் கொடுத்து அழைக்கிறோம். புரோப் (டிரைவரைச் சாதனத்துடன் இணைப்பது), ரிமூவ் (கழற்றுவது), சஸ்பெண்ட் (தூங்கவைப்பது), ரெஸ்யூம் (எழுப்புவது) நான்கிலும் அதே வரிகள் சற்றே மாறி மாறிக் கிடக்கின்றன. டிரைவரைக் கழற்றும்போது, கிளாக் (சிப்புக்கான கடிகாரத் துடிப்பு) ஏற்கெனவே அணைந்துவிட்டது என்று கெர்னல் எச்சரிக்கிறது. எப்படிச் சீர்செய்வது?

பதில்: அந்த ஃபங்ஷனை முதலில் இரண்டாக உடையுங்கள். இயக்குவதும் அணைப்பதும் ஒரே மாதிரியான வேலைகள் அல்ல. இயக்குவது பாதியில் தோற்கலாம். அணைப்பது எந்த நிலையிலும் முடிந்தாக வேண்டும்.

இயக்கும் ஃபங்ஷனான எனேபிள் பிழை எண்ணைத் திருப்பித் தரட்டும். பெரும்பாலான சிப்களில் ரெகுலேட்டர் (மின்சாரம் தருவது), கிளாக், பிறகு ரீசெட் விடுவிப்பு என்பதே வரிசை. ஆனாலும் டேட்டாஷீட்டைப் பார்த்தே உறுதிசெய்யுங்கள். கிளாக் இயங்க மறுத்தால் பிழையைச் சுத்தம்செய்யும் கோட்டூ லேபிளுக்குத் தாவி ரெகுலேட்டரை அணைத்துவிட்டே வெளியேற வேண்டும். எனேபிள் தோற்றது என்றால் எதுவும் இயக்கத்தில் மிச்சமில்லை என்று அழைத்தவர் நம்ப முடிய வேண்டும். இந்த ஒரு விதியை விட்டால் மற்றதெல்லாம் வீண்.

அணைக்கும் ஃபங்ஷனான டிசேபிள், எதையும் திருப்பித் தராத வாய்ட் ஆக இருக்கட்டும். அதே படிகள், தலைகீழ் வரிசை. ரெகுலேட்டரை அணைப்பதில் பிழை வந்தால் லாகில் பதியுங்கள். நடுவில் ரிட்டர்ன் கூடாது.

உங்கள் எச்சரிக்கைக்குப் பெரும்பாலும் ரன்டைம் பிஎம்தான் காரணம்; வேலையில்லாத சாதனத்தைக் கெர்னலே அணைத்துவைக்கும் ஏற்பாடு அது. சும்மா இருந்த சிப்பை ரன்டைம் சஸ்பெண்ட் முன்பே அணைத்திருக்கும். ரிமூவ் மறுபடி அணைக்கிறது. கிளாக்குக்கு, இயக்கினால் கூடி அணைத்தால் குறையும் எண்ணிக்கை உண்டு, அது பூஜ்யத்துக்குக் கீழே போக முயன்றால் கெர்னல் கத்தும். ரிமூவில் முதலில் ரன்டைம் பிஎம்மை முடக்கி, சிப் சஸ்பெண்ட் நிலையில் இல்லை என்றால் மட்டும் டிசேபிளை அழையுங்கள். 'இயங்குகிறதா' என்று ஒரு ஃபிளாக் வைத்து எச்சரிக்கையை வாயடைக்காதீர்கள். கணக்குப் பிழை அப்படியே உள்ளே இருக்கும்.

கிளாக்கைத் தயார்செய்யும் அழைப்பு தூங்கக்கூடியது, அதாவது நடுவில் காத்திருக்கலாம். ஸ்பின்லாக் (பிடித்திருக்கும்போது தூங்கக் கூடாத பூட்டு) பிடித்துக்கொண்டு எனேபிளை அழைக்கக் கூடாது. அணைக்கும் முன் இன்டரப்ட்டை நிறுத்தி, ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் (இன்டரப்ட்டைக் கவனிக்கும் ஃபங்ஷன்) முடியும்வரை காத்திருங்கள். கிளாக் இல்லாத ரெஜிஸ்டரைப் படித்தால் சில சிப்களில் பஸ்ஸே உறைந்துவிடும்.

முதல் பேட்ச்சில் வரிகளை இடம் மாற்றுவது மட்டும். வரிசைத் திருத்தமும் எண்ணிக்கைத் திருத்தமும் தனித்தனிப் பேட்ச்சுகளில். கலந்துவிட்டால் பைசெக்ட் செய்பவருக்கு (மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துப் பிழையைத் தேடுபவருக்கு) எது உடைத்தது என்றே தெரியாது. பிறகு சிஸ்எஃப்எஸ் (கெர்னல் சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) வழியாகப் பலமுறை டிரைவரை அன்பைண்ட் (கழற்றி), பைண்ட் (இணைத்து) செய்து, டீபக்எஃப்எஸ்ஸின் (பிழைதேடலுக்கான அதேபோன்ற இடம்) கிளாக் சம்மரியில் ஒவ்வொரு அன்பைண்டுக்குப் பிறகும் எண்ணிக்கை பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்று பாருங்கள்.