எல்லை தாண்டும் உரிமை யாருக்கு?

கேள்வி: சந்தையைத் திறந்துவிட்டால் நடுத்தர வர்க்கம் வளரும், சர்வாதிகாரம் தானாக ஆட்டம் காணும். தென் கொரியாவே அதற்குச் சாட்சி. உலகமயமாக்கலால் எதேச்சதிகார அரசுகளுக்கும் பெருநிறுவனங்களுக்கும்தான் பலம் என்று நீங்கள் எழுதுவது பழைய பல்லவி இல்லையா?

பதில்: சரி, தென் கொரியாவிலிருந்தே தொடங்குவோம். 1961-ல் ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்த பார்க் சுங் ஹீ, 1979-ல் சுட்டுக் கொல்லப்படும்வரை ஏற்றுமதியை முடுக்கிக்கொண்டே இருந்தார். சில குடும்பங்களின் கையில் இருந்த பெருநிறுவனங்களுக்கு மலிவுக் கடன் கிடைத்தது, தொழிற்சங்கங்களுக்கு அடி கிடைத்தது. அவருக்குப் பின் வந்ததும் ராணுவ ஆட்சிதான். 1987 ஜூனில் மாணவர்களும் அலுவலக ஊழியர்களும் லட்சக்கணக்கில் வீதிக்கு வந்த பிறகுதான் அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க அரசு இறங்கி வந்தது. வளர்ச்சி அவர்களுக்குப் படிப்பும் வருமானமும் தந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஜனநாயகத்தைச் சந்தை கொண்டுவந்தது என்று நீங்கள் எழுதும்போது, கண்ணீர்ப்புகையில் நின்றவர்களின் பெயரை அழித்துவிட்டு அங்கே ஏற்றுமதிக் கணக்கை எழுதுகிறீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் வாதத்தையே 2000 மார்ச்சில் அமெரிக்க அதிபர் கிளின்டன் சீனாவைப் பற்றிச் சொன்னார்: உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தால் வணிகமும் இணையமும் அங்கே சுதந்திரத்தைப் பரப்பும் என்று. 2001 டிசம்பரில் சீனா சேர்ந்தது. 2004-ல் ஷி தாவ் என்ற பத்திரிகையாளர், 1989-ல் தியானன்மென் சதுக்கப் போராட்டம் ஒடுக்கப்பட்டதன் நினைவு நாளையொட்டிப் பத்திரிகைகளுக்கு வந்த அரசு உத்தரவை மின்னஞ்சலில் வெளிநாட்டுக்கு அனுப்பினார். அந்த மின்னஞ்சல் கணக்கின் விவரத்தைச் சீன அதிகாரிகளிடம் கொடுத்தது யாஹூ. 2005-ல் அவருக்குப் பத்தாண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். சந்தை பெரியது, அதனால் நிறுவனம் தலையாட்டியது.

அதற்காகக் கதவை மூடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வட கொரியாவும் ராணுவ ஆட்சியாளர் நே வின் காலத்துப் பர்மாவும் மூடிய கதவுக்குப் பின்னால் மக்களை என்ன பாடுபடுத்தின என்பது உலகுக்குத் தெரியும். நான் கேட்பது வேறு: எல்லை தாண்டும்போது யாருடைய உரிமை கூடவே போகிறது?

சிகரெட் பெட்டியில் 80 சதவீத இடத்தை எச்சரிக்கைக்கு ஒதுக்க வேண்டும் என்றது உருகுவே. 2010-ல் சுவிட்சர்லாந்திலிருந்து இயங்கிய பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம் அந்தச் சிறிய நாட்டைச் சர்வதேச நடுவர் மன்றத்துக்கு இழுத்தது. சுவிட்சர்லாந்துடன் உருகுவே போட்டிருந்த முதலீட்டு ஒப்பந்தம்தான் ஆதாரம். 2016-ல் உருகுவே ஜெயித்தது, உண்மைதான். ஆனால் தன் மக்களின் உடல்நலத்துக்காக ஓர் அரசு ஆறு ஆண்டுகள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

இப்போது வங்கதேசத்தைப் பாருங்கள். 2013 ஏப்ரல் 24 அன்று ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. பயந்து நின்ற ஆடைத் தொழிலாளர்களை உள்ளே போகச் சொன்னார்கள். அவர்கள் தைத்த துணி கடல் தாண்டிக் கடைக்குப் போனது. அந்த பிராண்டுகளைக் கேள்வி கேட்க, பிலிப் மோரிஸுக்கு இருந்ததைப் போன்ற ஒரு மன்றம் அவர்களுக்கு இல்லை. குரல் எழுப்ப முடியாத தொழிலாளியை மலிவாகக் கொடுக்கும் அரசுக்கு ஆர்டர் வருகிறது. அந்தப் பணமே அரசின் கையைப் பலப்படுத்துகிறது. நான் பலம் என்று எழுதுவது இதைத்தான்.

இந்த நிலையை மாற்ற முடியும். அந்த விபத்துக்குப் பிறகு தொழிற்சங்கங்களும் 200-க்கும் மேற்பட்ட பிராண்டுகளும் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. அதை மீறியதாக இரண்டு பிராண்டுகள் மீது சங்கங்கள் தி ஹேக் நகரில் நடுவர் வழக்குத் தொடுத்தன. 2018-ல் அவற்றில் ஒன்று 23 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்தது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி தொழிற்சாலைகளைப் பாதுகாப்பாக்கும் வேலைகளுக்குப் போனது.